பழைய மடிக்கணினியும் பாமினியில் தட்டிய கட்டுரைகளும்

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. 2014-இல் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. கடையில் கேட்டால், ‘இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்’ என்கிறார்கள். 2003 முதல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் நான் தட்டிவைத்த கட்டுரைகள் முந்நூறுக்கு மேல் அதில் இருக்கின்றன. ஒருமுறை அப்டேட் ஆன பிறகு பிரிண்டர் வேலை செய்யாமல் போனதால் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறேன், அது சரியா? கணினியை வேகமாக்கித் தரும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா? குடும்பப் படங்கள் உள்ள, யூஎஸ்பியில் செருகும் தனி ஹார்ட் டிஸ்க் சில நாள்களாக ‘டிக் டிக்’ என்கிறது. என் அப்பா வாங்கிய வானொலி நாற்பது ஆண்டுகள் பாடியது. இப்போது வருகிறவற்றில் எதைத்தான் நம்புவது? என் கைபேசியின் பின்மூடிகூட லேசாக உப்பியிருக்கிறது, ஆனாலும் வேலை செய்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கடைசி வரியில், போகிற போக்கில், ‘ஆனாலும் வேலை செய்கிறது’ என்று ஆறுதலாக முடித்திருக்கிறீர்களே, அந்தக் கைபேசிதான் இன்றே கவனிக்க வேண்டியது. ஹார்ட் டிஸ்கை இந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டும். கட்டுரைகளுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். விண்டோஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. கடைக்காரர் சொல்வது இதற்கு நேர் எதிரான வரிசை; அந்த வரிசையில் போனால் புதிய மடிக்கணினி கைக்கு வந்துவிடும், முந்நூறு கட்டுரைகள் வந்து சேருமா என்பதுதான் என் கவலை.

கைபேசியை உடனே அணைத்துவிடுங்கள். இனி சார்ஜ் போட வேண்டாம். அதற்குள் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி என்பது மெல்லிய உறைக்குள் அடுக்கிவைத்த படலங்களும் அவற்றுக்கிடையே ஊறியிருக்கும் ஒரு மின்பகு திரவமும்தான். வயதாகும்போதும், சூட்டிலேயே கிடக்கும்போதும், எந்நேரமும் நூறு சதவீதத்திலேயே நிற்கும்போதும் அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது; வெளியேற வழியில்லாத வாயு உறையைத் தலையணைபோல உப்பவைக்கிறது. மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் தொட்டால் அந்தக் கைபேசி ஆடும். திரையின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு இடைவெளி தெரியும். மூடியை அழுத்திப் பொருத்தப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கைபேசியைக் கொடுக்காதீர்கள். உறையில் துளை விழுந்தால் தீப்பற்றக்கூடும். சாம்சங் நிறுவனம் 2016-இல் கேலக்ஸி நோட் 7 என்ற மாடலையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்று உற்பத்தியை நிறுத்தியதற்குக் காரணம் பேட்டரி தீப்பிடித்ததுதான்.

உங்கள் கைபேசி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பேட்டரியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதனால் உள்ளிருக்கும் படங்களோ தொலைபேசி எண்களோ அழியாது. அழியும் என்று சொல்லிப் புதுக் கைபேசியைக் காட்டுபவர் விற்பனையாளர். அக்கம்பக்கத்துக் கடையில்தான் மாற்ற வேண்டும் என்றால், புதிய பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கின்றனவா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடையிலேயே ஒப்படையுங்கள். வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி காண்பது, சுவரிலுள்ள பிளக் அங்கேதான் இருக்கிறது என்பதற்காகச் செட்டாப் பெட்டியின் மேலேயே கைபேசியை வைத்து விடிய விடியச் சார்ஜ் போடுவது. கை வைத்துப் பார்த்தால் அந்தப் பெட்டி இட்லிப் பானை மூடிபோலச் சுடும். உங்கள் வீட்டிலும் அப்படி என்றால் அந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே அடுத்த பேட்டரி கூடுதலாக உழைக்கும். பல கைபேசிகளில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது அமைப்புகளுக்குள் இருக்கிறது. மாற்றித் தருபவரிடமே அதை இயக்கித் தரச் சொல்லுங்கள்.

இனி ஹார்ட் டிஸ்க். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்று, இந்த வகை டிஸ்குகளில் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல், தொடாமல், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் படிப்புமுனை மிதந்தபடி நகர்கிறது. தட்டில் எழுதியிருக்கும் வழிக்குறிகளைப் படிக்க முடியாதபோது முனை தொடக்க இடத்துக்குத் திரும்பி மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்பது அந்தத் திரும்பும் ஒலி. ஆனால் இதே ஒலி இன்னொரு காரணத்தாலும் வரும்: யூஎஸ்பி வயர் தளர்ந்தோ துளை பழுதாகியோ போதிய மின்சாரம் கிடைக்காதபோதும் தட்டு சரியாகச் சுழலாமல் முனை தடுமாறும். ஆகவே முதலில் வேறு வயரில், மடிக்கணினியின் வேறு துளையில் ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் பிழைத்தோம் என்று டிஸ்கை அலமாரியில் வைத்துவிடாமல், அப்போதே உட்கார்ந்து நகலெடுக்கத் தொடங்குங்கள்.

நகலெடுக்கும்போது எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து இழுக்க வேண்டாம். எங்கும் வேறு பிரதி இல்லாதது எதுவோ அதை முதலில் எடுங்கள். பிள்ளைகளின் கைபேசியிலும் இருக்கக்கூடிய சென்ற ஆண்டுத் திருமணப் படங்கள் காத்திருக்கட்டும், உங்கள் பெற்றோரின் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அவை முந்தட்டும். ‘டிஸ்கில் பிழை இருக்கிறது, சரி செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தள்ளாடும் டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவைக்கும் வேலை அது, நகல் எடுத்து முடித்த பிறகு செய்ய வேண்டியது. வயர் மாற்றியும் ஒலி நிற்கவில்லை என்றால் மறுபடி மறுபடி செருகிச் சோதிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் முனை தட்டை உரசும் அபாயம் கூடுகிறது. டிஸ்கைப் பாலித்தீன் உறையில் கட்டிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரவு வைத்தால் சரியாகிவிடும் என்ற வைத்தியத்தை எவரேனும் சொல்லக்கூடும். அப்படி வைத்துவிட்டு, தட்டில் நீர் கோத்த டிஸ்கோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். அசையும் பாகம் அதில் இல்லை, கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம்; கணினிக்குள் வைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் சாகும்போது ‘டிக் டிக்’ என்றுகூடச் சொல்லாமல் போய்விடும், மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தால் பதிந்ததை இழக்கவும் கூடும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தான் இயக்கும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்குகளில் எத்தனை பழுதாகின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-இல் அது நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கேட்பதற்குச் சிறிய எண்தான். அவர்களிடம் ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்தது வேறு டிஸ்குகளில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. எனவே எந்த மாடல் நம்பகமானது என்று தேடிக் களைப்பதைவிட, நடுத்தரமான டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை மகன் அல்லது மகள் வீட்டிலும் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றுகூடும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்வது மேல். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி உங்கள் கட்டுரைகளுக்குத் தாராளம், படங்களுக்குப் போதாது. அங்கே வைத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: இரண்டு ஆண்டுகள் எட்டியே பார்க்காத தனிநபர் கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடலாம் என்ற விதி 2023 முதல் இருக்கிறது.

இப்போது என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் தமிழைத் தமிழாகச் சேமிப்பதில்லை. நீங்கள் ‘தமிழ்’ என்று தட்டியபோது கணினி உள்ளே எழுதிவைத்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகளை. அந்த ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிக் காட்டியதுதான் பாமினி செய்த வேலை. எழுத்துரு இருக்கும் வரை கட்டுரை. அது இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கிலக் குறிகள். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) தரத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது, விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு அது வீட்டுக் கணினிக்கும் வந்துவிட்டது, தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்று ஆணையும் இட்டது. ஆனால் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பேஜ்மேக்கரும் அதற்குப் பழகிய எழுத்துருக்களும் வெகுகாலம் ஓடின. உங்களைப் போன்றவர்கள் அச்சகத்துக்குக் கொடுக்க வசதியாக அதிலேயே தட்டினீர்கள். அதில் உங்கள் தவறு எதுவுமில்லை. பேஜ்மேக்கரோ 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் அதற்கு வாரிசாகக் கொண்டுவந்த இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. இன்று சந்தாவில் கிடைக்கும் பதிப்புகள் திறப்பதில்லை. அதாவது, உங்கள் மேசையிலிருக்கும் அந்தப் பழைய மடிக்கணினிதான் இப்போதைக்கு உங்கள் கட்டுரைகளைப் படிக்கத் தெரிந்த இயந்திரம். அதைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஊர்க்கோயில் ஒன்றின் தலவரலாற்றைத் தட்டிவைத்திருந்த பெரியவர் ஒருவரின் கணினியை, கோப்புகளையெல்லாம் சிடியில் பத்திரமாக எழுதிக்கொண்டு, டிஸ்கை முழுதும் துடைத்து ஃபார்மட் செய்து கொடுத்தேன். கோப்புகள் அத்தனையும் இருந்தன. எழுத்துரு மட்டும் இல்லை; அது உள்ளூர் அச்சகம் ஒன்று தன் வசதிக்குச் சில எழுத்துகளை இடம் மாற்றி வைத்துக்கொண்ட தனி எழுத்துரு, அச்சகமும் மூடப்பட்டிருந்தது. கடைசியில் அவர் வீட்டிலிருந்த அச்சுப்படியைப் பார்த்து நூற்றுப் பத்துப் பக்கங்களை நானும் என் உதவியாளரும் திரும்பத் தட்டினோம். அன்றிலிருந்து யார் கணினியைத் தொட்டாலும் முதலில் நகலெடுப்பது சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையைத்தான். நீங்களும் அதையே முதலில் செய்யுங்கள்; பாமினி எங்கும் கிடைக்கும் என்றாலும், உங்கள் கோப்புகளில் வேறு எழுத்துரு எதுவும் கலந்திருக்கிறதா என்பது இப்போது தெரியாதே.

அடுத்து, ஒவ்வொரு கட்டுரையையும் பேஜ்மேக்கரிலிருந்தே பிடிஎஃப் கோப்பாக எடுத்துவையுங்கள். எழுத்துருவும் உள்ளேயே பொதியும்படி எடுத்தால், எந்தக் கணினியிலும் கைபேசியிலும் நீங்கள் வடிவமைத்தபடியே தெரியும். நாளொன்றுக்கு ஐந்தாறு என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டு மாதத்தில் முடியும் வேலை. இது முடிந்துவிட்டால் உங்கள் எழுத்து குறைந்தபட்சம் படிக்கத்தக்கதாகப் பிழைத்துவிட்டது என்று நான் நிம்மதியாகச் சொல்வேன். தேடவும் திருத்தவும் மறுபதிப்புக்குக் கொடுக்கவும் வேண்டுமென்றால் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்; என்எச்எம், அழகி, சுரதாவின் பொங்குதமிழ் என இதற்கென்றே தமிழர்கள் உருவாக்கி இலவசமாகவே தந்த மாற்றிகள் இருக்கின்றன. பேஜ்மேக்கரிலிருந்து உரையை நகலெடுத்து, ‘பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு’ என்று தெரிவுசெய்து ஒட்டினால் நொடியில் மாறிவிடும்.

மாறியது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் தமிழாசிரியை வேண்டும். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்துணைக்கும் ளகரத்துக்கும் ஒரே குறிதான். அதனால் ‘கௌரவம்’ என்பது கெ, ள என்ற இரண்டு எழுத்தாகப் பிரிந்து ‘கெளரவம்’ ஆகிவிடும். கண்ணுக்கு அநேகமாக ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. இதைவிட நுட்பமான தொல்லை ரகரத்தில். அக்காலத்தில் ர், ரி ஆகியவற்றைத் தட்டும்போது ரகரத்தின் கீழ்க்கோடு இடிக்கிறதென்று பலர் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளியையோ இகரத்தின் மேல்விலங்கையோ போட்டார்கள். மாற்றி அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் ‘அவர்கள்’ என்ற சொல்லில் ரகர மெய்க்குப் பதில் காலும் புள்ளியும் வந்து உட்காரும். பார்த்தால் பிழையே தெரியாது, ஆனால் கணினிக்கு அது ‘அவர்கள்’ அல்ல. கால், புள்ளி இரண்டும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடி ஒரே ஆணையில் ரகர மெய்யாக மாற்றிவிடலாம், ஏனென்றால் தமிழில் அந்தச் சேர்க்கைக்கு வேறு பொருளே கிடையாது. இடையில் ஆங்கிலச் சொற்களை எழுதியிருந்தால் அவையும் பாமினி என்று எண்ணப்பட்டு விசித்திரமான தமிழாகிவிடும்; அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு என்னைப் போன்ற ஆளைவிட நீங்கள் பொருத்தமானவர். மாற்றிய பிறகும் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விண்டோஸ் பற்றிய முடிவு. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தரமாட்டார்கள் என்று பொருள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முப்பது டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அங்கே சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமின்றியோ பதிவு செய்யலாம். ஆனால் கணினியில் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருந்தால்தான் அந்த வழியே திறக்கும், நீங்கள் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பதால் முதலில் அதை எட்ட வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 2014-இல் வாங்கியது அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை, ஆகவே செய்ய வேண்டாம்.

என் யோசனை, இயந்திரத்தை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மாற்றுவது. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. லிப்ரே ஆபிசில் கட்டுரை தட்டலாம், ஃபயர்ஃபாக்சில் மின்னஞ்சலும் யூடியூபும் பார்க்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது. கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிரிண்டர் அச்சிடுகிறதா, வைஃபை எட்டுகிறதா என்பதைச் சோதித்துவிட்டே முடிவெடுங்கள். உள்ளிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ராம் என்ற நினைவகம் 4 ஜிபி என்றால் அதை 8 ஆக்கினால், வேகமாக்கும் மென்பொருளுக்குக் கட்ட நினைத்த சந்தாவுக்கும் வேலை இருக்காது. கழற்றிய டிஸ்கை விண்டோசோடும் பேஜ்மேக்கரோடும் அப்படியே துணியில் சுற்றி எடுத்துவையுங்கள். தேவைப்பட்டால் திரும்பப் பொருத்தித் திறக்கலாம். வங்கிப் பணி அதிகம் என்றாலோ, விண்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதேனும் கட்டாயம் என்றாலோ மட்டும் புதிய மடிக்கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

அப்டேட்டைக் கண்டு நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்ததால், மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாளிலேயே நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பழுதான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறுவதற்கான போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மறுபக்கமும் இருக்கிறது. 2017 மே மாதம் வானாகிரை என்ற நாசநிரல் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள். ஆகையால் அடியோடு நிறுத்தாதீர்கள்; ஒரு வாரம் தள்ளிப்போடும் பொத்தான் விண்டோசிலேயே இருக்கிறது. ஏதேனும் கோளாறு என்றால் அந்த வாரத்திற்குள் ஊர் முழுக்கப் பேசிவிடுவார்கள்.

வேகமாக்கும் மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ‘உங்கள் கணினியில் ஆயிரத்து இருநூறு பிழைகள்’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுவது விற்பனை உத்தி. விண்டோசோடு வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளே உங்கள் பயன்பாட்டுக்குப் போதும். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவின் வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நாற்பது ஆண்டுகள் பாடியது உண்மை. அந்தக் காலத்தில் வாங்கி ஆறே மாதத்தில் ஊமையான வானொலிகளை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் உங்கள் ஆதங்கத்தோடு நான் பெரிதும் உடன்படுகிறேன். அந்தப் பெட்டியின் பின்னால் நான்கு திருகுகள் இருந்தன, கழற்றினால் எந்தப் பாகம் கருகியது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய கைபேசியில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, பழுதுபார்ப்பதையே பயந்து செய்யும் வேலையாக்கிவிட்டார்கள். அதோடு வானொலி தன்னந்தனியாகப் பாடியது. மென்பொருள் அப்படியல்ல, அது தேய்வதே இல்லை, அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுவதால் பழுதாகிறது. உங்கள் பேஜ்மேக்கர் 2003-இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்று கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. என் கணிப்பில் அது தொடக்கம் மட்டுமே. உதிரிப் பாகம் இல்லையென்று சர்வீஸ் மையம் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பலரும் அதைச் செய்வதில்லை. அடுத்த கைபேசி வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன், எத்தனை ஆண்டு அப்டேட் என்று எழுத்தில் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8-க்கு 2023-லும், சாம்சங் எஸ்24-க்கு 2024-லும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். குறைந்த விலை மாடல்களுக்கு அவ்வளவு கிடைப்பது அரிது.

எஸ்எஸ்டி மாற்றக் கடைக்குக் கொண்டுபோகும் நாளில் மடிக்கணினியின் மூடிமேல், பெரிய எழுத்தில், ‘ஃபார்மட் செய்யக் கூடாது, பழைய டிஸ்கை என்னிடமே திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வாயால் சொன்னது கவுன்ட்டரில் இருப்பவரோடு நின்றுவிடும், உள்ளே ஸ்குரூடிரைவர் பிடிக்கும் பையனுக்குப் போய்ச் சேராது. வயர் மாற்றிய பிறகும் ‘டிக் டிக்’ நிற்கவில்லை என்றால், டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, அது எத்தனை ஆண்டு பழையது, எப்போதாவது கீழே விழுந்ததா என்ற இரண்டையும் குறிப்பிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.